வெள்ளத்தை வரைந்த கோடுகள்

நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 26 விழுக்காடு கடல்மட்டத்துக்குக் கீழே அமைந்திருக்கிறது. மேலும் 29 விழுக்காடு, ரைன், மாஸ் முதலிய ஆறுகள் கரைபுரண்டால் மூழ்கிவிடக்கூடிய தாழ்நிலமாகும். இந்த நிலத்தைக் காத்து நிற்கும் மண்கரைகளும் மணற்குன்றுகளும் மதகுகளும் கதவணைகளும் இரவுபகலாக நீரிறைக்கும் நிலையங்களும் தனித்தனி வேலைகள் அல்ல. ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் ஒரே பேரமைப்பின் உறுப்புகள். ஒரு மதகின் கதவு இறங்காமல் போனாலும், ஒரு கரையின் அடிமண் நூறு மீட்டர் நீளத்துக்கு மட்டும் நலிந்திருந்தாலும், அதன் விளைவு அந்த இடத்தோடு நிற்பதில்லை. பல கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நகரமும் நீரில் மூழ்க நேரும். ஆகவே எங்கே எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும்படி வரைந்து காட்ட வேண்டிய தேவை அந்நாட்டுக்கு மிகப் பழங்காலத்திலேயே ஏற்பட்டது. கல்லில் பொறித்த கோடு, நிலப்படத்தில் ஓடிய கோடு, மடக்கைத் தாளில் இழுத்த கோடு, கிளைகிளையாகப் பிரியும் மரப்படம் என அந்த வரைவுகள் காலந்தோறும் மாறின. ஒவ்வொன்றும் அதற்கு முன்பு யாரும் காணாத ஒன்றைக் காட்டியது, வேறொன்றைக் காட்டாமலும் விட்டது. காட்டாமல் விட்டது எது என்பதைப் பெரும்பாலும் வெள்ளமே வந்து தெரிவித்தது என்பதுதான் இவ்வரலாற்றின் துயரம்.

அந்த நிலம் தொடக்கத்திலேயே தாழ்ந்து கிடக்கவில்லை. கி.பி. 1000-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில், மக்கிய தாவரங்கள் படிந்து உருவான புற்கரிச் சதுப்புகளில் குடியானவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துப் பயிரிட்டனர். நீர் வடிந்த புற்கரி காற்றுப்பட்டு மக்கிச் சுருங்க, நிலம் தலைமுறைக்குத் தலைமுறை இறங்கியது. நிலம் இறங்க இறங்கக் கரைகளை உயர்த்த வேண்டியதாயிற்று. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இப்பணியை மேற்பார்த்தவை ‘வாட்டர்ஸ்காப்’ எனப்படும் நீர் வாரியங்கள். நிலமுடையோர் கூடி அமைத்துக்கொண்ட இவ்வாரியங்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் 2,500-க்கும் மேற்பட்டவையாக இருந்தன. இன்று அவை ஒன்றிணைந்து 21 ஆகியுள்ளன. பழைய முறைப்படி கரை முழுவதும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு நிலவுடைமையாளரின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. அவரவர் எல்லையைக் காட்டும் மரக்கம்பங்கள் கரையில் நடப்பட்டிருந்தன. கரைத்தலைவர் ஆண்டுதோறும் கரைநெடுக நடந்து பார்வையிட்டு, குறை கண்ட இடத்துக்கு உரியவருக்குத் தண்டம் விதித்தார். தன் பங்கைப் பராமரிக்க வழியற்றுப் போனவர் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு நிலத்தைத் துறக்கலாம் என்றும், அதைப் பிடுங்கி எடுப்பவருக்கு நிலமும் கரைப் பொறுப்பும் சேர்ந்தே போய்ச் சேரும் என்றும் வழக்கம் இருந்தது. ஆபத்தின் முதல் வரைபடம் என்று அந்தக் கம்பங்களின் வரிசையைச் சொல்வது மிகையாகாது. ஆனால் அது யார் பொறுப்பு என்பதைக் காட்டியதே தவிர, எவ்வளவு நீர் வரும் என்பதைக் காட்டவில்லை.

நீரின் உயரத்தை ஊரறியக் குறித்து வைக்கும் முயற்சி ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. 1675-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின், கணித அறிஞரும் நகரத் தலைவருமான யோஹான்னஸ் ஹுடெ, கடல்நீரைத் தடுக்கும் கரையின் உயரம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1680-களின் தொடக்கத்தில் நகர மதகுகளில் 8 பளிங்குக் கற்கள் பதிக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் கிடையாக ஒரு பள்ளக்கோடு வெட்டப்பட்டு, அதுவே அக்கரையின் உயரம் என்றும், நகர மட்டத்துக்கு 9 அடி 5 அங்குலம் மேலே உள்ளது என்றும் பொறிக்கப்பட்டது. இக்காலக் கணக்கில் அது ஏறத்தாழ 2.68 மீட்டர். அந்த நகர மட்டமே பின்னாளில் நாடு முழுமைக்கும் பொதுவான சுழியாகி, ஐரோப்பாவின் பல பகுதிகளில் உயரங்களை அளக்கும் அடிப்படையாகவும் ஆயிற்று. படகோட்டியும் கொத்தனாரும் ஒரே கோட்டைப் பார்த்துப் பேச முடிந்ததே இதன் சிறப்பு. ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவுகோல் இருந்தவரை, ஒரு கரை தாழ்ந்ததா உயர்ந்ததா என்ற வழக்குக்கு முடிவே இருந்ததில்லை.

அடுத்த தலைமுறையில் நில அளவையாளர் நிக்கொலாஸ் க்ரூக்வியஸ் மெர்வேட ஆற்றின் அடிப்பகுதியை அளந்து, ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் சம ஆழக் கோடுகளை 1730-ஐ ஒட்டிய காலத்தில் வரைந்தார். நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த பள்ளமும் மேடும் தாளில் தெரிந்தன. பின்னர் கணிதம் வந்து சேர்ந்தது. வடக்கே ஸாய்டர்சே என்னும் உள்கடலை அடைக்கத் திட்டமிட்டபோது, அடைத்த பின் வெளிப்புறத்தில் ஓதம் எவ்வளவு உயரும் என்ற கேள்விக்கு விடை காண, இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹென்ட்ரிக் லோரென்ட்ஸ் தலைமையில் 1918-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. வாய்க்கால்களின் வலைப்பின்னலாகக் கடலைப் பிரித்துக் கையால் கணக்கிட்ட அக்குழு 8 ஆண்டுகள் உழைத்தது. 1932-இல் 32 கிலோமீட்டர் நீளமுள்ள அஃப்ஸ்லாய்ட்டைக் என்னும் அடைப்புக்கரை முடிந்தபின் நேர்ந்த ஓத மாற்றங்கள் அக்கணிப்போடு நன்கு பொருந்தின. இவ்வளவும் நடந்த பிறகும், கரையின் உயரம் எவ்வளவு என்ற அடிப்படைக் கேள்விக்கு மட்டும் பழைய விடையே புழங்கியது: இதுவரை கண்ட மிக உயர்ந்த வெள்ளம் எதுவோ அதற்கு மேல் அரை மீட்டரோ ஒரு மீட்டரோ கூட்டிக் கட்டினால் போதும். நினைவிலிருக்கும் வெள்ளமே வரப்போகும் வெள்ளத்துக்கு எல்லை என்ற இந்த நம்பிக்கையை உடைத்தவர் அரசின் நீர்ப்பணித் துறையான ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட்டில் பணியாற்றிய வெமெல்ஸ்ஃபெல்டர் என்னும் பொறியாளர்.

அவர் 1939-இல் வெளியிட்ட ஆய்வின் மூலப்பொருள் மிக எளியது. ரைன் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஹூக் ஃபான் ஹோலாந்து என்னும் ஊரில் 1888 முதல் 1937 வரை அளவுகோலில் பதிவான உயர் ஓதங்கள் அனைத்தையும் அவர் எடுத்துக்கொண்டார். நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு என்ற கணக்கில் ஆண்டுக்கு 700-க்கும் மேற்பட்ட பதிவுகள். ஒவ்வொரு நீர்மட்டத்தையும் ஆண்டுக்கு எத்தனை ஓதங்கள் தாண்டின என்று எண்ணி, மட்டத்தை ஓர் அச்சிலும் எண்ணிக்கையை மற்றோர் அச்சிலும் குறித்தார். எண்ணிக்கை அச்சுக்கு அவர் பயன்படுத்தியது மடக்கை அளவு; அதாவது 100, 10, 1, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என ஒவ்வொரு படியும் முந்தையதன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போகும் அளவு. அப்படிக் குறித்தபோது, உயர்ந்த மட்டங்களுக்கான புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வரிசையாக நின்றன. ஹூக் ஃபான் ஹோலாந்தில் நீர்மட்டம் சுமார் 70 சென்டிமீட்டர் கூடும்போதெல்லாம் அதைத் தாண்டும் ஓதங்களின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகிறது என்பதே அக்கோட்டின் பொருள்.

இதன் தத்துவ விளைவு பெரிது. நேர்கோட்டுக்கு முடிவு கிடையாது. அதை நீட்டினால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மட்டமும், ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மட்டமும் தெரிகின்றன, ஆனால் இதற்கு மேல் நீர் ஏறாது என்று சொல்லத்தக்க புள்ளி எங்குமே இல்லை. முழுப் பாதுகாப்பு என்று ஒன்று இல்லை, தேர்ந்தெடுக்க வேண்டிய நிகழ்தகவு மட்டுமே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சொற்பொழிவும் சொல்லிவிட முடியாது. கரை கட்டுவோர் அதுவரை கேட்டுவந்த கேள்வி, நீர் எவ்வளவு உயரும் என்பது. வெமெல்ஸ்ஃபெல்டரின் தாளைப் பார்த்தபின் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை உடையலாம் என்று சமூகம் ஒப்புக்கொள்கிறது என்பது.

ஆனால் கேள்வி சமூகத்திடம் போய்ச் சேரவில்லை. அதே 1939-இல் அமைக்கப்பட்ட புயல்வெள்ளக் குழுவின் செயலரான யோஹான் ஃபான் ஃபேன், தென்மேற்குக் கழிமுகத் தீவுகளின் கரைகள் பல இடங்களில் போதிய உயரமற்றவை என்பதை நன்கு அறிந்திருந்தார். போர் குறுக்கிட்டது, போருக்குப் பின் வீடு கட்டவும் தொழில் மீட்கவும் பணம் போயிற்று, கரைகளின் குறையைப் பற்றிய முடிவுகள் மக்களிடம் வெளியிடப்படவுமில்லை. உண்மையைக் கூறியும் யாரும் நம்பாத கிரேக்கப் புராணப் பெண்ணின் பெயரால் ‘டாக்டர் கசாண்ட்ரா’ என்று ஃபான் ஃபேன் பின்னாளில் புனைபெயர் வைத்துக்கொண்டது அந்த ஆண்டுகளின் மனக்கசப்பைக் காட்டுகிறது. கழிமுகங்களை அடைக்கும் அவரது திட்டம் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1953 ஜனவரியின் கடைசி நாள்களில்.

1953 ஜனவரி 31, சனிக்கிழமை. வடமேற்கிலிருந்து வீசிய கடும்புயல் வடகடலின் நீரைத் தெற்கே குறுகும் மூலைக்குத் தள்ளிக் குவித்தது. காற்றின் தள்ளலால் ஏற்படும் இந்த நீர்மட்ட உயர்வு, பௌர்ணமியை ஒட்டி வரும் பெருவோதத்தோடு சேர்ந்துகொண்டது. வானிலைத் துறை மாலையிலேயே எச்சரிக்கை அனுப்பியது. ஆனால் வார இறுதி என்பதால் பல அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன, வானொலி நிலையங்கள் வழக்கம்போல் நள்ளிரவில் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டன. மறுநாள் அதிகாலை ஹூக் ஃபான் ஹோலாந்தில் நீர், ஆம்ஸ்டர்டாம் சுழி மட்டத்துக்கு மேல் 3.85 மீட்டரை எட்டியது. ஸேலண்ட் மாகாணத்திலும் தெற்கு ஹாலந்தின் தீவுகளிலும் மேற்கு பிராபன்டிலும் கரைகள் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தனர். 1,50,000 எக்டேருக்கு மேல் நிலம் உப்புநீரில் மூழ்கியது. ஓவர்கெர்க் ஊரருகே இருந்த கடைசி உடைப்பு நவம்பரில்தான் அடைக்கப்பட்டது.

கரைகள் உடைந்த விதம் பொறியாளர்களுக்குக் கிடைத்த கசப்பான பாடம். கடலை நேரே எதிர்கொண்ட முகப்புகள் பெரும்பாலும் தாங்கின. அலைகள் உச்சியைத் தாண்டி வழிந்து, பாதுகாப்பற்ற உட்சரிவின் மண்ணை ஊறவைத்துச் சரித்தன; கரை பின்புறத்திலிருந்து கரைந்து மெலிந்து, கடைசியில் முன்புறம் விழுந்தது. கடலை நோக்காத, சிறு துறைமுகங்களை ஒட்டிய தாழ்ந்த கரைகளே பல இடங்களில் முதலில் போயின. உயரத்தை மட்டும் வரைந்த கோட்டில் உட்சரிவு இடம்பெறவே இல்லை. இதைவிடப் பெரிய பேரழிவு நூலிழையில் தவறியது: ரோட்டர்டாமுக்குக் கிழக்கே ஹாலந்து ஐசல் ஆற்றங்கரையில், தெற்கு ஹாலந்தின் உட்பகுதியில் வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களைக் காத்துநின்ற ஒரு கரை உடையத் தொடங்கியபோது, அரி எவெக்ரூன் என்ற படகுத் தலைவர் தம் சரக்குப் படகை உடைப்பின் வாயில் செலுத்திக் குறுக்கே நிறுத்தினார். நீரின் விசையே படகைக் கரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடைப்பு அடைபட்டது.

வெள்ளம் வந்து மூன்று வாரங்களுக்குள் டெல்டா குழு அமைக்கப்பட்டது. ஃபான் ஃபேன் அதன் செயலரானார். ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தைச் சேர்ந்த டாவிட் ஃபான் டான்ட்சிக்கிடம் குழு வைத்த கேள்வி, கரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது. 1956-இல் அவர் அச்சில் வெளியிட்ட விடை, இன்று உலகெங்கும் இடர்ப் பகுப்பாய்வு படிப்போர் கற்கும் அடிப்படைக் கணக்குகளில் ஒன்று. கரையை உயர்த்த உயர்த்தச் செலவு ஏறக்குறைய ஒரே சீராகக் கூடுகிறது. அதே வேளையில் வெள்ளத்தின் நிகழ்தகவு வெமெல்ஸ்ஃபெல்டர் கோட்டின்படி வேகமாகக் குறைவதால், எதிர்பார்ப்பு இழப்பு, அதாவது இழப்பின் அளவை அது நேரும் நிகழ்தகவால் பெருக்கிக் கிடைக்கும் தொகை, முதலில் செங்குத்தாகவும் பின்னர் மெல்லவும் இறங்குகிறது. ஏறும் கோட்டையும் இறங்கும் கோட்டையும் கூட்டினால் நடுவில் குழிந்த ஒரு வளைவு கிடைக்கிறது. அதன் அடிப்புள்ளியே சிக்கனமான உயரம். நாட்டின் செல்வம் பெருகுவதையும், வட்டி விகிதத்தையும், நிலம் தொடர்ந்து இறங்குவதையும் அவர் இக்கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மத்திய ஹாலந்துக்குக் கணக்குக் காட்டிய வெள்ள நிகழ்தகவு ஆண்டுக்கு 1,25,000-இல் ஒன்று. குழு தேர்ந்தெடுத்தது, ஹூக் ஃபான் ஹோலாந்தில் 5 மீட்டர் என்ற மட்டம்; 10,000 ஆண்டுக்கு ஒருமுறை தாண்டப்படக்கூடியது என்று கொள்ளப்பட்ட அந்த மட்டத்தில் கரை ஐயமின்றி உறுதியாக நிற்கும்படி கட்டினால், அதற்கு மேலும் ஓரளவு தாங்கும் என்பது அவர்கள் கருத்து. இங்கே நின்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கையிலிருந்த பதிவுகள் 70 ஆண்டு அளவுக்கே உரியவை. அதைக்கொண்டு பத்தாயிரம் ஆண்டுக்குரிய மட்டத்தைச் சொல்வது கோட்டைத் தாளின் விளிம்புக்கு அப்பால் நீட்டுவதாகும். ஃபான் டான்ட்சிக்கும் அவருடைய தோழர்களும் இதை மறைக்கவில்லை. நீட்டலின் நம்பகத்தன்மையைப் பற்றியே அவர்கள் நீண்ட பக்கங்களை எழுதினர். முடிவெடுத்தாக வேண்டிய நாடு, உறுதியற்ற எண்ணை உறுதியற்றது என்று தெரிந்தே ஏற்றுக்கொண்டது. அந்த நேர்மைதான் டெல்டா குழுவின் அறிக்கையை மற்ற அரசு அறிக்கைகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

ஆனால் அதே கணக்கில் ஒரு கூர்மையான அநீதியும் இருந்தது. இழப்பு பணத்தில் அளக்கப்படும்போது, செல்வம் செறிந்த இடத்துக்கு உயர்ந்த கரையும் வறிய இடத்துக்குத் தாழ்ந்த கரையும் கிடைப்பது தவிர்க்க முடியாததாகிறது. ஆம்ஸ்டர்டாம், ரோட்டர்டாம், ஹேக் ஆகிய நகரங்கள் அடங்கிய பகுதிக்கு 10,000-இல் ஒன்று என்ற தரம். 1953-இல் பிணங்களை எண்ணிய ஸேலண்டுக்கும் தெற்குத் தீவுகளுக்கும் 4,000-இல் ஒன்று. அக்குழுவினர் கல்நெஞ்சர்கள் அல்லர், அவர்கள் வகுத்த தரமும் அதற்கு முன்னிருந்த எதையும்விடப் பன்மடங்கு உயர்ந்தது. ஆயினும் ஒரு குடிமகனின் உயிருக்கு அவன் பிறந்த தீவைப் பொறுத்துப் பாதுகாப்பு வேறுபடலாமா என்ற கேள்விக்கு அந்த வளைவில் விடை இல்லை. அவ்விடை வர அறுபது ஆண்டுகள் பிடித்தன.

1958-இல் டெல்டா சட்டம் நிறைவேறியது. கழிமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்பட்டன. ஓதத்தின் ஓட்டத்தை மின்னோட்டமாக உருவகித்துக் கணக்கிடும் ‘டெல்டார்’ என்ற ஒப்புமைக் கணினி, ஒரு வாய் மூடப்பட்டால் மற்ற வாய்களில் நீர் எப்படி மாறும் என்பதைக் காட்டியது. கடைசிப் பெரிய வாயான ஓஸ்டர்ஸ்கெல்டேயை முழுமையாக அடைக்கும் திட்டம், மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்ததால் கைவிடப்பட்டு, புயல் நேரத்தில் மட்டும் இறங்கும் 62 எஃகுக் கதவுகளைக் கொண்ட தடுப்பணையாக மாறி 1986-இல் திறக்கப்பட்டது. மண்கரை அசையாமல் நின்றால் போதும். கதவணையோ தக்க நேரத்தில் இயங்கவும் வேண்டும். ஆகவே அதன் இடரை வரைய வேறொரு படம் தேவைப்பட்டது.

அந்தப் படம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1960-களின் தொடக்கத்தில் மினிட்மேன் ஏவுகணையின் ஏவு கட்டுப்பாட்டு அமைப்பை ஆராய்வதற்காக பெல் ஆய்வகத்தில் உருவான ‘பிழை மரம்’ என்பது, நேரக்கூடாத நிகழ்வை உச்சியில் எழுதி, அது எவற்றால் நேரலாம் என்று கீழ்நோக்கிக் கிளைபிரித்துக்கொண்டே போகும் வரைபடம். எந்த ஒன்று நேர்ந்தாலும் போதும் என்றால் ‘அல்லது’ என்ற கணு. எல்லாம் ஒருசேர நேர வேண்டும் என்றால் ‘மற்றும்’ என்ற கணு. அடிக்கிளைகளின் நிகழ்தகவுகளைக் கொண்டு உச்சியின் நிகழ்தகவைக் கணக்கிடலாம். 1975-இல் நார்மன் ராஸ்முசன் தலைமையில் வெளிவந்த அமெரிக்க அணு உலைப் பாதுகாப்பு ஆய்வு இம்முறையை உலகறியச் செய்தது. நெதர்லாந்துப் பொறியாளர்கள் இத்தகைய நிகழ்தகவு முறைகளை முதலில் கதவணைக்கும், பின்னர் மண்கரைக்கும் பொருத்தினர்: உச்சியில் ‘நிலம் மூழ்குதல்’, கீழே நீர் வழிதல், உட்சரிவு சரிதல், வெளிச்சரிவின் கல்பாவு பெயர்தல், அடிமண் அரிப்பு, மதகு மூடாமை.

இந்தக் கிளைகளில் அடிமண் அரிப்புக்கு இந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. கங்கைக் கால்வாய்த் தொகுதியில் நரோரா என்ற இடத்தில் மணல்மீது கட்டப்பட்டிருந்த அணைக்கட்டு 1898-இல் அடியில் அரிக்கப்பட்டு உடைந்தது. இந்திய அணைக்கட்டுகளின் பட்டறிவிலிருந்து டபிள்யூ. ஜி. பிளை என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1910-ஐ ஒட்டி ஓர் எளிய விதியை வகுத்தார்: கட்டுமானத்தின் அடியில் நீர் ஊர்ந்து கடக்க வேண்டிய தொலைவு, இருபுற நீர்மட்ட வேறுபாட்டின் குறிப்பிட்ட மடங்காவது இருக்க வேண்டும்; மிக நுண்ணிய மணலுக்கு 18 மடங்கு, பருமணலுக்கு 12 மடங்கு. நீர்மட்ட வேறுபாடு 3 மீட்டர் என்றால் மிக நுண்ணிய மணலில் 54 மீட்டர் ஊர்தொலைவு வேண்டும். ரைன் கரையோரம் கரை கட்டியவர்கள் பல பத்தாண்டுகள் இந்த விதியையே கையாண்டனர்; 1980-களின் இறுதியில்தான் ஹான்ஸ் செல்மையர் அரிப்பின் இயக்கத்தையே சமன்பாடாக்கி அதைத் திருத்தினார்.

அரிப்பு நிகழும் விதம் அருகிருந்து பார்த்தாலொழியப் புலப்படாது. ஆறு உயர்ந்திருக்கும்போது, மேலே களிமண்ணும் கீழே மணலும் உள்ள இடத்தில் நீரழுத்தம் மணல்வழியே கரைக்கு அடியில் பரவி, உட்புற வயலில் களிமண்ணைப் பிளந்துகொண்டு ஊற்றாக வெளிவரும். தெளிந்த நீர் வந்தால் அச்சம் குறைவு. நீரோடு மணலும் கொப்பளித்து ஊற்றுவாயைச் சுற்றிச் சிறு வளையமாகப் படியத் தொடங்கினால், கரைக்கடியில் ஒரு நுண்துளை ஆற்றை நோக்கிப் பின்னோக்கி வளர்கிறது என்று பொருள். கரைக்காவலர் அந்த ஊற்றை அடைப்பதில்லை. அடைத்தால் அழுத்தம் வேறிடத்தில் பிளக்கும். மணல்மூட்டைகளை அதைச் சுற்றிக் கிணற்றுச் சுவர்போல் அடுக்கி, உள்ளே நீர் உயரும்படி விட்டு, மணல் வருவது நின்றதும் அடுக்குவதை நிறுத்துகிறார்கள். நீர் தொடர்ந்து வழிந்துகொண்டிருக்கும்.

1995-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரைன் கிளைகளின் கரைகள் நீண்டநாள் நீரில் ஊறி நின்றபோது, அவை தாங்குமா என்று எவராலும் உறுதியளிக்க முடியவில்லை. ஏறத்தாழ 2,50,000 பேர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். கரைகள் நின்றன. 2003 ஆகஸ்டில் வில்னிஸ் என்ற ஊரில் இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது: கடும் வறட்சியில் புற்கரியாலான கால்வாய்க் கரை நீர்வற்றி எடை குறைந்து, நீரின் தள்ளலைத் தாங்க முடியாமல் நகர்ந்துவிட, ஊருக்குள் நீர் புகுந்தது. வெள்ளக் காலத்தில் மட்டும் ஆபத்தைத் தேடிய எந்தப் படத்திலும் வறட்சி ஒரு கிளையாக வரையப்பட்டிருக்கவில்லை.

இவற்றின் பின்னணியில், 2001-இல் தொடங்கி 2014-இல் நிறைவுற்ற தேசிய வெள்ள இடர் ஆய்வு, ‘கரை வளையம்’ எனப்படும் ஒவ்வொரு பகுதியையும் எடுத்துக்கொண்டு, எந்தத் துண்டு எந்த முறையில் எவ்வளவு நிகழ்தகவோடு உடையும், உடைந்தால் நீர் எத்தனை மணி நேரத்தில் எங்கே எவ்வளவு ஆழத்துக்குப் போகும், எத்தனை பேர் இறக்கக்கூடும் என்று கணக்கிட்டது. அதன் முடிவுகளில் இரண்டு பழைய எண்ணங்களைப் புரட்டின. ஆற்றோரப் பகுதிகளின் ஆபத்து கருதியிருந்ததைவிட அதிகம். அதற்கு முதன்மைக் காரணம் கரையின் உயரக் குறைவு அன்று, அடிமண் அரிப்பு. மேலும், கரை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு எங்கேனும் ஒரு நலிந்த இடம் இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஒரு குறுக்குவெட்டை மட்டும் சோதித்துக் கரை முழுவதும் பாதுகாப்பானது என்று சொல்வது அதுவரை நடைமுறையாக இருந்தது.

இயந்திரக் கதவுகளும் இத்தகைய மறுசோதனைக்குத் தப்பவில்லை. ரோட்டர்டாம் கப்பல் வழியில் 1997-இல் இயங்கத் தொடங்கிய மாஸ்லண்ட் தடுப்பின் இரு கதவுகள் ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுடையவை. எப்போது மூடுவது என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. மூட வேண்டிய 1,000 தடவைகளில் ஒருமுறை மட்டுமே தவறலாம் என்பது தொடக்கத்தில் வைத்த தரம். சில ஆண்டுகள் கழித்துப் பிழை மரத்தை மீண்டும் கிளைகிளையாகச் சோதித்தபோது, உண்மை நிலை ஏறக்குறைய 10-இல் ஒன்று என்று தெரியவந்தது. மென்பொருளையும் பராமரிப்பையும் பணியாளர் ஒழுங்கையும் சீர்செய்து அதை 100-இல் ஒன்றுக்குக் கொண்டுவந்தனர். கட்டி முடித்துப் பெருமைப்பட்ட ஒன்றைப் பற்றிப் பத்து மடங்கு, நூறு மடங்கு மோசமான எண்ணைக் கண்டறிந்து, அதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டது பெரிய பண்பு.

2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தரங்கள், நீர்மட்டத்தைத் தாண்டும் நிகழ்தகவை விட்டுவிட்டு, கரைத்துண்டு உடைந்து வெள்ளம் புகும் நிகழ்தகவையே அளவாகக் கொண்டன. டெல்டா குழுவின் வளைவு விடைசொல்லாத கேள்விக்கும் அதில் விடை வந்தது: கரைகளுக்குப் பின்னால் வாழும் எவரும், எந்தத் தீவில் இருந்தாலும், வெள்ளத்தால் இறக்கும் நிகழ்தகவு ஆண்டுக்கு 1,00,000-இல் ஒன்றுக்கு மிகக்கூடாது, உயிரிழப்போ பொருளிழப்போ மிகுந்திருக்கும் இடத்தில் தரம் அதற்கு மேலும் உயரலாமேயன்றி, வறுமையின் பெயரால் கீழே இறங்க முடியாது. 1939-க்குப் பின் மக்களிடம் வெளியிடப்படாமல் கிடந்த செய்தியை, இன்று எந்தக் குடிமகனும் தன் அஞ்சல் குறியீட்டைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தன் வீட்டில் நீர் எவ்வளவு உயரம் நிற்கக்கூடும் என்பது படமாகத் தெரியும். இத்தரத்தை எட்டுவதற்கு 2050 வரை காலம் வகுக்கப்பட்டிருக்கிறது; அதற்குள் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் கரை வலுப்படுத்தப்பட வேண்டும்; அந்த ஆண்டுகள் நெடுகிலும் ஒவ்வொரு கரைத்துண்டும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுகணக்கிடப்பட்டு, உயரும் கடல்மட்டத்துக்கேற்ப அதன் எண் திருத்தி எழுதப்பட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் ஏற்பாடு.